என்எஃப்எல் ஒப்பந்த மறுசீரமைப்பு: பணம் எங்கே போகிறது?

ஒவ்வொரு மார்ச்சிலும் அமெரிக்காவின் என்எஃப்எல் ஃபுட்பால் லீக் செய்திகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு தலைப்பு பழகிப்போயிருக்கும்: "இன்னார் தன் ஒப்பந்தத்தை மறுசீரமைத்தார், அணிக்கு 3 கோடி டாலர் இடம் கிடைத்தது." உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "அணிக்காகச் சம்பளத்தையே விட்டுக்கொடுத்துவிட்டார், தங்கமான மனுஷன்" என்பது ஒன்று. "சேலரி கேப் (சம்பள உச்சவரம்பு) என்பதே சும்மா, பேப்பரில் நாலு எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது" என்பது இன்னொன்று.

முதல் பேச்சு முழுத் தவறு. வழக்கமான மறுசீரமைப்பில் ஆட்டக்காரர் ஒரு டாலரைக்கூட இழப்பதில்லை. வாராவாரம் வாங்க வேண்டிய சம்பளத்தை மொத்தமாக முன்னாலேயே வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். இரண்டாவது பேச்சில் பாதி உண்மை உண்டு. எண்களை மாற்ற முடியும் என்பது சரி. ஆனால் மாற்றுவதற்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலை அன்றைக்குக் கண்ணில் படாது. அது என்ன விலை என்று புரிந்துவிட்டால் இந்த விஷயத்தில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

## முதலில், அந்த வரம்பு

இங்கே ஃபுட்பால் என்பது அமெரிக்கன் ஃபுட்பால். என்எஃப்எல் லீக்கில் 32 அணிகள். ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்காக ஒரு வருடத்தில் இவ்வளவுதான் கணக்கில் எழுதலாம் என்று லீக் ஓர் உச்சவரம்பு வைக்கிறது. அதுதான் சேலரி கேப். இனி கேப் என்றே சொல்வோம்.

1994-ல் இது தொடங்கியபோது அணிக்கு 3.46 கோடி டாலர். 2025-ல் 27.92 கோடி டாலர். (அமெரிக்கச் செய்திகளில் மில்லியனில் வரும், 10 மில்லியன் ஒரு கோடி.) இந்தத் தொகையை யாரும் மனம்போன போக்கில் தீர்மானிப்பதில்லை. லீக்கின் வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்கு இத்தனை சதவீதம் என்று ஆட்டக்காரர் சங்கத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது. 2020-ல் போட்ட ஒப்பந்தப்படி அது 48 சதவீதத்துக்குக் குறையாது. தொலைக்காட்சி உரிமை விலை ஏறினால் கேப்பும் ஏறும். 2020-ல் கொரோனா வந்து மைதானங்கள் காலியாகக் கிடந்ததால், 19.82 கோடியாக இருந்த கேப் 2021-ல் 18.25 கோடியாக இறங்கியது. அதன்பின் வேகமாக ஏறி 2024-ல் 25.54 கோடியைத் தொட்டது. இந்த ஏற்ற இறக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இது கறாரான வரம்பு. அமெரிக்க பேஸ்பால் லீக்கில் இருப்பதுபோல வரி கட்டிவிட்டு வரம்பைத் தாண்டும் வசதி இதில் கிடையாது. மார்ச் நடுவில் லீக்கின் புதிய வருடம் பிறக்கும் நேரத்தில் எல்லா அணிகளும் வரம்புக்குள் வந்திருக்க வேண்டும். மறுசீரமைப்புச் செய்திகள் அந்த மாதத்தில் கொத்துக்கொத்தாக வருவதற்குக் காரணம் இதுதான்.

நமக்குத் தெரிந்த ஐபிஎல் ஏலத்திலும் அணிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை உண்டு. ஆனால் ஒருவரை எவ்வளவுக்கு எடுக்கிறீர்களோ அது முழுசாக அந்தத் தொகையிலிருந்து கழிந்துவிடும். என்எஃப்எல்லில் அப்படி இல்லை. இங்கே கொடுத்த பணமும் கழிந்த தொகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. குழப்பம் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது.

## பணம் வேறு, கணக்கு வேறு

ஒருவர் 40 லட்சம் ரூபாய் ரொக்கம் கொடுத்து ஒரு லாரி வாங்குகிறார். பணம் இன்றைக்கே கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் ஆடிட்டர் அந்த 40 லட்சத்தையும் இந்த வருடச் செலவாக எழுத மாட்டார். லாரி ஐந்து வருடம் ஓடும் என்று வைத்து, வருடத்துக்கு 8 லட்சம் என்று பிரித்து எழுதுவார். தேய்மானம் என்பது இதுதான். இதில் கடன் எதுவும் இல்லை, வட்டியும் இல்லை. போன பணம் போனதுதான். கணக்கில் ஏறுவது மட்டும் மெதுவாக ஏறுகிறது.

இரண்டு வருடம் கழித்து லாரி பள்ளத்தில் விழுந்து ஒன்றுக்கும் உதவாமல் போனால்? கணக்கில் இன்னும் எழுதாமல் 24 லட்சம் பாக்கி நிற்கிறது. ஓடாத லாரிக்கு இனி வருடா வருடம் தேய்மானம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. பாக்கி முழுவதையும் ஒரே அடியாக எழுதித் தீர்க்க வேண்டியதுதான்.

என்எஃப்எல்லின் கேப் கணக்கு கிட்டத்தட்ட இப்படித்தான் நடக்கிறது. ரசிகர்கள் மறுசீரமைப்பைக் கிரெடிட் கார்டோடு ஒப்பிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கிரெடிட் கார்டில் பொருள் இப்போது கிடைக்கும், பணம் பிறகு போகும். இங்கே பணம் முதலில் போய்விடுகிறது.

## ஒப்பந்தத்தின் இரண்டு பாகங்கள்

ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் பல வகைப் பணம் இருக்கும். நமக்கு இரண்டு போதும்.

ஒன்று, அடிப்படைச் சம்பளம். சீசன் நடக்கும்போது வாராவாரம் வருவது. எந்த வருடம் கொடுக்கிறார்களோ அந்த வருடக் கேப்பில் முழுசாக ஏறும். உத்தரவாதம் எழுதிக் கொடுக்காவிட்டால், ஆட்டக்காரரை நீக்கிய அன்றோடு அது நின்றுவிடும்.

இன்னொன்று, கையெழுத்து போனஸ். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது கிடைக்கும் மொத்தத் தொகை. பணம் உடனே ஆட்டக்காரரிடம் போய்விடும். ஆனால் கேப்பில் அதை ஒப்பந்த வருடங்களுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம், அதிகபட்சம் ஐந்து வருடம். லாரித் தேய்மானம் இதுதான்.

ஓர் ஆட்டக்காரருக்காக ஒரு வருடக் கேப்பில் ஏறும் மொத்தத் தொகைக்குக் கேப் ஹிட் என்று பெயர். அந்த வருட அடிப்படைச் சம்பளத்தோடு போனஸின் அந்த வருடப் பங்கைக் கூட்டினால் கேப் ஹிட் வந்துவிடும்.

கேப் வந்த மறுவருடமே இதன் சூட்சுமத்தை ஒருவர் பிடித்துவிட்டார். டல்லாஸ் கவ்பாய்ஸ் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ், 1995-ல் டியான் சாண்டர்ஸை 7 வருடத்துக்கு 3.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். அதில் சுமார் 1.3 கோடி கையெழுத்து போனஸ். முதல் வருடங்களின் அடிப்படைச் சம்பளம் சொற்பம். லீக்கிலேயே விலை உயர்ந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், கேப்பில் மட்டும் சாதாரண ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த சீசனில் கவ்பாய்ஸ் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஜெயித்தார்கள்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: சம்பளமாகக் கொடுத்தால் அந்த வருடமே முழுசாக ஏறும், போனஸாகக் கொடுத்தால் பிரிந்து ஏறும். ஆட்டக்காரரின் பைக்குள் போகும் தொகை இரண்டிலும் ஒன்றுதான்.

## இனி மறுசீரமைப்பு

சரி, போனஸ் என்றால் பிரிக்கலாம், சம்பளம் என்றால் பிரிக்க முடியாது. அப்படியானால் ஏற்கெனவே சம்பளம் என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் போனஸ் என்று மாற்றி எழுதினால்? அதுதான் மறுசீரமைப்பு. இதற்கு மேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை.

கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டிஷான் வாட்சனின் ஒப்பந்தம் இதைப் புரிந்துகொள்ள மிக வசதியானது. குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் ஆள் பெரும்பாலும் அவர்தான். 2022 மார்ச்சில் பிரவுன்ஸ், கல்லூரியிலிருந்து வரும் புதுமுகங்களை முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமைகள் மூன்றை ஹூஸ்டன் டெக்ஸன்ஸுக்குக் கொடுத்து வாட்சனை வாங்கி, 5 வருடத்துக்கு 23 கோடி டாலர் எழுதிக் கொடுத்தார்கள். மொத்தத் தொகைக்கும் உத்தரவாதம். வருடத்துக்குச் சரியாக 4.6 கோடி. எல்லா வருடமும் ஒரே தொகை என்பதால் கணக்குப் போடுவது சுலபம்.

2022-ல் அந்த 4.6 கோடியில் அடிப்படைச் சம்பளம் வெறும் 10.35 லட்சம் டாலர். மீதி கிட்டத்தட்ட 4.5 கோடி கையெழுத்து போனஸ். அதை ஐந்தாகப் பிரித்தால் வருடத்துக்குச் சுமார் 90 லட்சம். ஆக அந்த வருடக் கேப் ஹிட் சுமார் 1 கோடி. 4.6 கோடி வாங்கியவர், கேப்பில் 1 கோடி.

இதில் இன்னொரு பலனும் இருந்தது. பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளின் பேரில் லீக் அந்த வருடம் அவருக்கு 11 ஆட்டத் தடை விதித்தது. தடைக்காலத்தில் வெட்டப்படுவது அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். அதைத்தான் பொடித் தொகையாக வைத்திருந்தார்களே! 50 லட்சம் டாலர் அபராதம் தனியாக வந்தது. சம்பள வகையில் போனது சுமார் 6.3 லட்சம்தான்.

அப்புறம் 2023. அந்த வருடம் அடிப்படைச் சம்பளம் 4.6 கோடி, பழைய போனஸின் பங்கு 90 லட்சம். மொத்தம் சுமார் 5.5 கோடி. அந்த வருடக் கேப் 22.48 கோடி, அதில் கால்வாசி ஒரே ஆளுக்குப் போகும். 53 பேர் கொண்ட அணிக்கு இது தாங்காது. எனவே பிரவுன்ஸ் மறுசீரமைத்தார்கள். 4.6 கோடியில், லீக் விதித்த குறைந்தபட்சச் சம்பளமான 10.8 லட்சத்தை மட்டும் சம்பளமாக விட்டுவிட்டு, மீதி 4.49 கோடியைப் போனஸ் என்று மாற்றினார்கள். ஐந்தால் வகுத்தால் சுமார் 90 லட்சம். புதிய கேப் ஹிட்: சம்பளம் 10.8 லட்சம், பழைய போனஸ் பங்கு 90 லட்சம், புதிய போனஸ் பங்கு 90 லட்சம். மொத்தம் சுமார் 1.9 கோடி.

5.5 கோடி 1.9 கோடியானது. "பிரவுன்ஸுக்கு 3.6 கோடி டாலர் மிச்சம்" என்று செய்தி வந்தது. வாட்சன் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்? ஒன்றுமில்லை. அந்த வருடம் அவருக்கு வந்தது அதே 4.6 கோடிதான். பிரவுன்ஸ் உரிமையாளரின் செலவு எவ்வளவு குறைந்தது? அதுவும் ஒன்றுமில்லை. இடம் மாறியது கேப் கணக்கு மட்டும்.

2024-ல் மறுபடி அதே கதை. கேப் ஹிட் 6.4 கோடி ஆகியிருக்க வேண்டியது, சுமார் 4.5 கோடியை மாற்றி அதைச் சுமார் 2.8 கோடியாக இறக்கினார்கள். 2025-ல் 7.3 கோடி வந்து நின்றது. கவனியுங்கள், ஒவ்வொரு வருடமும் தொடக்கத் தொகை 90 லட்சம் கூடிக்கொண்டே வருகிறது. முந்தைய மறுசீரமைப்பின் பங்கு ஒவ்வொன்றாக வந்து மேலே உட்காருகிறது. 2025 மார்ச்சிலும் மாற்றிப் பாதியாகக் குறைத்தார்கள். விளைவு, 2026-க்கு என்று நின்ற கேப் ஹிட் 8 கோடிக்கு மேல்.

வாட்சன் இதற்கிடையில் எவ்வளவு ஆடினார் என்று பார்த்தால் வயிறு எரியும். 2022-ல் தடை, 2023-ல் தோள் காயம், 2024 அக்டோபரில் குதிகால் தசைநாண் அறுந்தது, அடுத்த ஜனவரியில் அதே தசைநாண் மறுபடியும்.

## ஆட்டக்காரர் ஏன் சம்மதிக்கிறார்?

பல ஒப்பந்தங்களில் அவருடைய சம்மதமே வேண்டியதில்லை. அணி விரும்பும்போது சம்பளத்தைப் போனஸாக மாற்றிக்கொள்ளலாம் என்று முதலிலேயே ஒரு விதி எழுதி வைத்துவிடுவார்கள். கேட்டாலும் மறுப்பதற்கு அவருக்குக் காரணம் இல்லை. செப்டம்பரில் தொடங்கி வாரம் வாரமாக வர வேண்டிய சம்பளம் வசந்த காலத்திலேயே மொத்தமாகக் கைக்கு வந்துவிடுகிறது. பயிற்சி முகாமில் முட்டி உடைந்தாலும் வாங்கியது வாங்கியதுதான்.

அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. அவர் பெயரில் கேப்பில் எழுதாத பாக்கி எவ்வளவு அதிகமோ, அவரை வீட்டுக்கு அனுப்புவது அணிக்கு அவ்வளவு கஷ்டம். மறுசீரமைப்பு என்பது ஆட்டக்காரருக்குச் சத்தமில்லாமல் கிடைக்கும் வேலைப் பாதுகாப்பு. ஆக "தியாகம்" என்ற பட்டத்தை இங்கே கொடுப்பதாக இருந்தால் அணி நிர்வாகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

## வெற்று வருடங்கள்

மேலே ஒரு சின்ன இடறல் இருந்ததே, கவனித்தீர்களா? 2023-ல் வாட்சனின் ஒப்பந்தத்தில் மிச்சம் இருந்தது நான்கு வருடம், 2026 வரை. போனஸை எப்படி ஐந்தால் வகுத்தார்கள்?

ஒப்பந்தத்தின் வாலில் ஒரு பொய் வருடத்தைச் சேர்த்தார்கள். வாய்ட் இயர் என்பார்கள். வெற்று வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வருடத்தில் அவர் ஆட மாட்டார், சம்பளமும் கிடையாது, அது வருவதற்கு முன்பே ஒப்பந்தம் தானாகக் காலாவதியாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். போனஸைப் பிரித்துப் போட இன்னொரு பெட்டி வேண்டும், அதற்காக மட்டும் அது இருக்கிறது. லீக் விதி இதை அனுமதிக்கிறது. பச்சையான ஓட்டைதான், ஆனால் எல்லோருக்கும் திறந்திருக்கும் ஓட்டை.

காலாவதியாகும்போது வெற்று வருடங்களில் போட்டுவைத்த பங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரே வருடத்தில் இறங்கும். டாம் பிரேடி 2023 பிப்ரவரியில் ஓய்வு பெற்றபோது டாம்பா பே பக்கனியர்ஸ் கணக்கில் இப்படி இறங்கியது சுமார் 3.5 கோடி டாலர். ஆடாத பிரேடிக்கு 2023-ல் அவர்கள் கேப்பில் கொடுத்த இடம் அது. ஆனால் டாம்பா ரசிகர் யாரும் இதற்காக அழுதிருக்க மாட்டார். பிரேடி வந்த முதல் சீசனிலேயே கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

## செத்த பணம்

அணியில் இல்லாத ஆட்டக்காரருக்காகக் கேப்பில் ஏறும் தொகையை டெட் மணி என்பார்கள், அதாவது செத்த பணம். பள்ளத்தில் விழுந்த லாரியின் பாக்கி. ஓர் ஆட்டக்காரரை நீக்கினாலோ இன்னோர் அணிக்கு விற்றாலோ, கொடுத்த போனஸில் கணக்கில் எழுதாமல் நிற்கும் பங்கு முழுவதும் சாதாரணமாக அந்த வருடமே வந்து விழும். நீக்கும்போது உத்தரவாதச் சம்பளம் பாக்கி இருந்தால் அதுவும் சேரும்.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன விலை இதுதான். மறுசீரமைத்தால் இந்த வருடம் இடம் கிடைக்கும். அதற்குப் பதிலாக, பின்னால் அந்த ஆட்டக்காரரை விட்டு விலகும் சுதந்திரம் போய்விடும். நன்றாக ஆடுகிறவரை விலக வேண்டிய தேவை வராது, அதனால் விலை தெரியாது. ஆட்டம் கெட்ட அன்று தெரியும்.

இந்த விலை எப்படி ஏறியிருக்கிறது பாருங்கள். 2021-ல் பிலடெல்பியா ஈகிள்ஸ் கார்சன் வென்ட்ஸை விற்றபோது செத்த பணம் 3.38 கோடி. அன்றைக்கு அது சாதனை அளவு, எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். 2022-ல் அட்லான்டா ஃபால்கன்ஸ் மாட் ரையனை விற்று 4.05 கோடி என்று அதை முறியடித்தது. 2024-ல் டென்வர் பிரான்கோஸ் ரசல் வில்சனை நீக்கியபோது 8.5 கோடி! அவருக்கு அவர்கள் புதிய ஒப்பந்தம் எழுதி இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

வில்சன் கதையில் இரண்டு சுவையான விஷயங்கள் உண்டு. 8.5 கோடியும் ஒரே வருடத்தில் விழவில்லை. ஜூன் 1-க்குப் பிறகு நீக்கியதாகக் கணக்குக் காட்டினால், அந்த வருடப் பங்கை அந்த வருடமும் மீதியை அடுத்த வருடமும் எழுதலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அதன்படி 2024-ல் 5.3 கோடி, 2025-ல் 3.2 கோடி என்று பிரித்துக்கொண்டார்கள். இன்னொன்று, டென்வர் அவருக்கு 2024-க்கு 3.9 கோடி உத்தரவாதம் கொடுத்திருந்தது. வேறு அணி கொடுப்பது போக மீதியை டென்வர் தர வேண்டும். வில்சன் நேராகப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குப் போய், அவர் அனுபவத்துக்குரிய குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். அதிகம் கேட்டால் அந்தப் பணம் டென்வரின் சுமையைத்தான் குறைக்கும், அவருக்கு ஒரு டாலரும் கூடாது. எதற்குக் கேட்பார்?

செத்த பணம் என்றால் அணியும் செத்தது என்று அர்த்தமில்லை. அதே 2024-ல், 5.3 கோடியைத் தலையில் வைத்துக்கொண்டே டென்வர் ப்ளேஆஃப் போனது. காரணம், அவர்களுடைய புதிய குவார்ட்டர்பேக் போ நிக்ஸ் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்தவர். புதுமுகங்களின் சம்பளம் லீக்கில் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. நான்கு வருடத்துக்கும் சேர்த்து அவருடைய ஒப்பந்தம் சுமார் 1.86 கோடிதான்.

## அப்படியானால் கேப் சும்மாவா?

இப்போது அந்த இரண்டாவது பேச்சுக்கு வரலாம். தள்ளிக்கொண்டே போகலாம் என்றால் வரம்பு எதற்கு?

தள்ளுவதற்கு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. லீக் இதற்கு வட்டி வாங்குவதில்லை, கேப்போ ஏறிக்கொண்டே போகிறது. 1 கோடி டாலர் என்பது 2021-ன் கேப்பில் ஏறக்குறைய 5.5 சதவீதம், 2024-ல் 4 சதவீதத்துக்கும் குறைவு. அதே தொகையைப் பின்னால் எழுதினால் பாரம் குறைவு. இதைத் தெரிந்துகொண்டே, பதற்றத்தில் செய்யாமல் திட்டமிட்டுச் செய்கிற அணி ஈகிள்ஸ். 2023-ல் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 5 வருடத்துக்கு 25.5 கோடி எழுதிக் கொடுத்தார்கள். போனஸ்களையும் வெற்று வருடங்களையும் முதலிலேயே அடுக்கி, முதல் வருடக் கேப் ஹிட்டை 60 லட்சத்தைச் சற்றுத் தாண்டுகிற அளவில் வைத்தார்கள். மிச்சமான இடத்தில் மற்றவர்களைச் சேர்த்தார்கள். 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஜெயித்தார்கள். வென்ட்ஸ் விஷயத்தில் சுட்டுக்கொண்ட அதே நிர்வாகம்தான்.

எதிர்ப்பக்கம் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். ட்ரூ பிரீஸ் என்ற பெரிய குவார்ட்டர்பேக் இருக்கும்போதே இன்னொரு கோப்பை வாங்கிவிட வேண்டும் என்று வருடா வருடம் தள்ளினார்கள். 2021 தொடக்கத்தில், கேப் இறங்கிய நேரம் பார்த்து, அவர்கள் வரம்புக்குச் சுமார் 10 கோடி டாலர் மேலே இருந்தார்கள். மார்ச்சுக்குள் ஒவ்வொரு ஒப்பந்தமாக மாற்றி மாற்றி உள்ளே வந்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் "கேப் ஒரு கட்டுக்கதை" என்ற பேச்சு வலுத்தது. ஆனால் பிரீஸ் ஓய்வு பெற்ற பிறகும் தள்ளுவதை நிறுத்த முடியவில்லை. சென்ற வருடம் தள்ளியது இந்த வருடம் வந்து நிற்கும்போது அதையும் தள்ளித்தானே ஆக வேண்டும்? வயதான ஆட்டக்காரர்களை வெளியே அனுப்ப வழியில்லாமல் போனது. 2021 முதல் 2024 வரை நான்கு சீசனிலும் ப்ளேஆஃப் கிடையாது. 2025 மார்ச்சில் குவார்ட்டர்பேக் டெரெக் காரின் ஒப்பந்தத்தை மறுசீரமைத்தார்கள். மே மாதம் அவர் தோள் காயத்தால் ஓய்வு பெற்றுவிட்டார்.

என்னைக் கேட்டால், கேப் என்பது அணி கொடுக்கும் தொகையைப் பெரிதாகக் கட்டுப்படுத்துவதில்லை, தவறான தேர்வைத்தான் தண்டிக்கிறது. கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 2020-ல் பேட்ரிக் மஹோம்ஸுக்குப் பத்து வருட ஒப்பந்தம் கொடுத்தது. மறுவருடமே, அந்த வருடக் கேப்பில் முழுசாக ஏற வேண்டிய 2.17 கோடி போனஸைப் பிரித்து எழுதக்கூடிய போனஸாக மாற்றிச் சுமார் 1.7 கோடிக்கு இடம் எடுத்தது. இயந்திரம் அதேதான், வாட்சனுக்குச் செய்ததுதான். ஆனால் மஹோம்ஸை நீக்க வேண்டிய நாள் வரும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை, அவருக்கு அப்போது வயது 25. விலகும் சுதந்திரத்தை விற்றாலும் அது அவர்களுக்குத் தேவைப்படாத சுதந்திரம்.

## செய்தி படிக்கும்போது

"மறுசீரமைப்பு" என்ற ஒரே தலைப்பில் மூன்று வேறு விஷயங்கள் வரும். சம்பளத்தைப் போனஸாக மாற்றுவது ஒன்று. இவ்வளவு நேரம் பார்த்தது. ஒப்பந்தத்தை இன்னும் சில உண்மையான வருடங்களுக்கு நீட்டி, புதுப் பணமும் கொடுத்து, பழையதையும் சேர்த்துப் பிரிப்பது இன்னொன்று. இதில் ஆட்டக்காரருக்கு வருமானம் கூடவே செய்யும். மூன்றாவது, நிஜமான சம்பளக் குறைப்பு. அபூர்வம், ஆனால் உண்டு. 2023-ல் நியூயார்க் ஜெட்ஸுக்கு வந்த ஏரன் ராட்ஜர்ஸ், சுமார் 11 கோடி வர வேண்டிய இடத்தில் இரண்டு வருடத்துக்கு 7.5 கோடி போதும் என்று கையெழுத்துப் போட்டார். மூன்றரைக் கோடி டாலர், உண்மையாகவே விட்டது.

எது என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: அந்த ஆட்டக்காரர் இந்த வருடம் வாங்கும் ரொக்கம் குறைந்ததா? குறையவில்லை என்றால் அடுத்து, எத்தனை வருடத்துக்குப் பிரித்தார்கள், அதில் எத்தனை வெற்று வருடம், அவருக்கு வயது என்ன என்று பாருங்கள். "3 கோடி மிச்சம்" என்ற எண்ணைவிட இந்த மூன்றும் அதிகம் சொல்லும். வாட்சனுக்கு இதைப் போட்டுப் பார்த்தால், 2025 வரை செய்ததை அப்படியே விட்டாலும், 2026-ல் 8 கோடி எழுதி முடித்த பிறகு வெற்று வருடங்களில் இன்னும் 5 கோடிக்கு மேல் காத்திருக்கிறது.